ஆமை வாங்கிய மேசைக் கணினி

மந்தர மலையை முதுகில் சுமந்த குலத்தில் பிறந்த ஆமை ஒன்று, வீட்டுக்குக் கணினி வாங்கப் போனது. மேசைக் கணினிதான், அதுவும் மேசையோடு வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றது.

கடைக்காரக் குரங்கு சிரித்தது. “இந்தக் காலத்துல யாருண்ணே அதை வாங்குறாங்க? லேப்டாப் எடுத்துக்குங்க. போற இடமெல்லாம் தூக்கிட்டுப் போகலாம்.”

“தம்பி, பொறந்ததுலேர்ந்து வீட்டையே தூக்கிக்கிட்டு அலையறேன். ஒரு சாமானாவது வச்ச இடத்துல இருக்கட்டுமே.”

“சரிண்ணே. வீடு எங்கே? எங்க கொண்டாந்து இறக்கணும்?”

ஆமை கழுத்தைத் திருப்பித் தன் முதுகைப் பார்த்தது. அந்தச் சரிவில் மேசை நிற்காது. சற்று யோசித்துவிட்டு, எதிரே இருந்த புங்கமரத்தடிக்கு நடந்துபோய் நான்கு கால்களையும் அழுந்த ஊன்றியது.

“இங்கே இறக்கு.”

“இங்கே வீடு எதையும் காணோமேண்ணே?”

“நீ முதல்ல மேசையைப் போடு, தம்பி. வீடு ஆயிடும்.”