திருப்பிப் போட்ட குரல்

எல்லோரும் அந்தக் குரலைப் பற்றித்தான் கேட்டிருந்தார்கள்.

காலை பத்து மணிக்கு இணையத்தில் ஏற்றிய ஒலி நாடகத்தின் பதினோராம் பகுதிக்கு, மதியத்துக்குள் நூறு பின்னூட்டம் தாண்டிவிட்டது. வேற்றுக்கிரகவாசி பேசும் இடத்தில் கைமுடி சிலிர்த்துவிட்டதாம் ஒருவருக்கு. மதுரையில் இன்னொருவர் பஸ்ஸில் கேட்டுக்கொண்டே போய், இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டாராம்.

யார் பேசியது? எப்படிச் செய்தீர்கள்?

'தொழில் ரகசியம்' என்று அவன் எல்லோருக்கும் ஒரே பதிலை ஒட்டிக்கொண்டு வந்தான்.

பெரிய தொழில்தான் போங்கள். வாரப் பத்திரிகை ஒன்றில் வந்த விண்வெளித் தொடர்கதை, பத்திரிகையையே மூடிவிட்டதால் பாதியில் நின்றுபோனது. பள்ளிக்கூட நாளில் அதைக் கிழித்துச் சேர்த்துவைத்துப் பைத்தியமாகப் படித்த இரண்டு பேர், வளர்ந்த பிறகு மீதியைத் தாங்களே எழுதி ஒலி நாடகமாக்கினார்கள். எதிரொலி வராமலிருக்கத் துணி பீரோவுக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசினார்கள். விண்கலத்தின் இயந்திரம், நாகர்கோவிலில் அவன் வீட்டு கிரைண்டர். அம்மா மாவாட்டுகிற நாளில்தான் கலம் கிளம்பும்.

அவன் கேப்டன். நண்பன் ரெக்ஸ்லின் வேற்றுக்கிரகவாசி.

பதினோராம் பகுதியில் வேற்றுக்கிரகவாசி செத்துப்போவதாக அவன் எழுதினான். அங்கேதான் சண்டை வந்தது.

"எனக்க ஆள கொல்லியதுக்கு நீ யாருலே?"

ரெக்ஸ்லின் முதலில் சிரித்துக்கொண்டுதான் கேட்டான். பிறகு இரண்டு பக்கமும் வார்த்தை தடித்துவிட்டது.

"நீ இல்லேன்னாலும் இது ஓடும்லே. போ."

ரெக்ஸ்லின் போனான்.

அன்று நாலு மணிக்கு அவனிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பத்தொன்பது நொடி. திட்டத்தான் அனுப்பியிருப்பான், கோபம் ஆறட்டும், பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

ஐந்தரைக்கு ரெக்ஸ்லினின் மாமா கூப்பிட்டார். பைக்கில் போகும்போது லாரி இடித்துவிட்டது என்றார். ஆஸ்பத்திரிக்கு வரவேண்டாம், நேரே வீட்டுக்கு வா என்றார்.

ஒன்றரை வருடம் ஆகிறது.

அந்தச் செய்திக்குப் பக்கத்தில், இன்னும் கேட்கவில்லை என்று காட்டும் சிறு புள்ளி அப்படியே இருக்கிறது.

ஏற்கெனவே பதிவு செய்திருந்த பகுதிகள் வரை நாடகம் ஓடத்தான் செய்தது. பதினோராம் பகுதிக்கு வந்து நின்றது. கதையை மாற்றி எழுதினான். வேற்றுக்கிரகவாசியைக் கொல்லவில்லை, ஊருக்கே திருப்பி அனுப்பிவைத்தான். ஆனால் கடைசியாக ஒருமுறை அது பேசவேண்டுமே. நாலு பேரைப் பேசவைத்துப் பார்த்தான். நாலு பேரும் நன்றாகத்தான் பேசினார்கள். ஒருவரும் ஒத்துவரவில்லை.

ஒருநாள் அந்தச் செய்தியைக் கேட்காமலே கணினிக்கு மாற்றினான். கேட்காமலே, கடைசியிலிருந்து முதலுக்கு ஓடும்படி திருப்பிப் போட்டான். வேகத்தைப் பாதியாகக் குறைத்தான்.

பிறகுதான் கேட்டான்.

மனிதக் குரலாக இல்லை. ரெக்ஸ்லினின் குரலாக மட்டும் இருந்தது.

இப்போது அவனுக்கு அது மனப்பாடம். எங்கே மூச்சு வாங்குகிறான், எங்கே நிறுத்துகிறான், எல்லாம் தெரியும். நடுவில் ஓரிடத்தில் குரல் குலுங்கும். அது சிரிப்பா அழுகையா என்பது திருப்பிப் போட்டதில் தெரியவில்லை.

மறுபடி திருப்பினால் நேராகிவிடும். ஒரு சொடுக்குதான்.

பயமாக இருந்தது. திட்டியிருந்தால் பரவாயில்லை, வாங்கிக்கொள்ளலாம். திட்டாமல் இருந்திருந்தால் என்ன செய்வது?

மூன்று மணிக்கு நஸ்ரின் எழுதினாள். திண்டுக்கல்லில் கல்லூரியில் படிக்கிறவள், முதல் பகுதியிலிருந்து கேட்கிறவள். பகுதிக்கு ஒரு பிழையாவது கண்டுபிடித்து அனுப்பாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

"அண்ணா, உங்க ரகசியத்தக் கண்டுபிடிச்சுட்டேன்! ஏலியன் பேசுறத ரிவர்ஸ் பண்ணி, ஸ்பீடு கூட்டிக் கேட்டேன். அது தமிழ்! அதுவும் உங்க ஊர்த் தமிழ்!"



அடுத்தது வந்தது.

"நடிக்கிற மாதிரியே இல்லண்ணா. யாரு அவரு? கடைசில ஒரு கேள்வி கேக்குறாருல்ல, அதுக்கு கேப்டன் அடுத்த எபிசோடுல பதில் சொல்வாரா?"

மூன்று தடவை படித்தான்.

முதலில் கோபம்தான் வந்தது, யாரோ பூட்டிய வீட்டுக்குள் புகுந்துவிட்டதுபோல. அப்புறம் பொறாமை. ரெக்ஸ்லின் கடைசியாகக் கேட்டதை உலகத்தில் ஒரே ஒருத்தி கேட்டிருக்கிறாள். அவள் ரெக்ஸ்லினை ஒருமுறைகூடப் பார்த்தது கிடையாது.

'என்ன கேள்வி?' என்று எழுதினான். யோசிப்பதற்குள் விரல் அனுப்பிவிட்டது.

"சும்மா தெரியாத மாதிரி கேக்காதீங்கண்ணா. நீங்க எழுதுனதுதானே!"

சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்தன. அவற்றுக்குக் கீழே, அவள் நேராக்கிய ஒலிப்பதிவு.

பத்தொன்பது நொடி.

மத்தியான வெயில் மேசை வரை வந்திருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அவன் எழுந்து ஜன்னலைச் சாத்தினான். திரும்ப வந்து உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

பதில் சொல்லவேண்டும் என்றால் கேள்வியைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

அழுத்தினான்.

காற்று. தொண்டையைச் செருமும் சத்தம்.

"மக்கா," என்றான் ரெக்ஸ்லின்.