வெள்ளக்கடைப் பக்கம் வேண்டாம்

“வெள்ளக்கடைப் பக்கம் மட்டும் வேண்டாம்” என்று ஏற்காடு ஏரிக்கரையில் குதிரை ஏறும்போதே சேலத்து இர்பான் சொல்லிவிட்டான்.

“கடிவாளம் உங்க கையிலதானுங்க இருக்குது. கல்யாண ஊர்வலத்துக்குப் போய்ப் பழகுன குதிரை, நொம்ப சாதுங்க” என்றார் குதிரைக்காரர் சின்னராஜ்.

செம்மநத்தம் வரை காப்பித் தோட்டங்களுக்குள்ளேயே சுற்றினான். தொடை எரிந்தது, இடுப்பு விட்டுப்போனது. ஆனாலும் இப்படி வாய்விட்டுப் பாடி எத்தனை நாளாயிற்று!

திரும்பும் வழியில் எங்கோ பேண்டு வாத்தியம் கேட்டது. குதிரை காதை விறைத்துக்கொண்டு வெள்ளக்கடைச் சாலையில் திரும்பி ஓடியது. இழுத்தான், திட்டினான், கடைசியில் கெஞ்சினான். அது நேராக ஒரு கல்யாணப் பந்தலுக்குள் நுழைந்து பெண் வீட்டு வாசலில் நின்றது.

“மாப்பிள்ளை வந்தாச்சு!” என்று பிள்ளைகள் கூவ, பெண்ணின் அப்பா அப்துல் காதர் மாலையோடு ஓடி வந்தார். இர்பானைப் பார்த்ததும் தூக்கிய கை அப்படியே நின்றது.

“போன வருசம் எம்பொண்ணப் பாத்துட்டு, மலைக்காட்டுச் சம்பந்தம் வேண்டாம்னு சொல்லி உட்டது நீங்கதானுங்களே?”

இர்பான் குதிரையை உதைத்தான். அது அசையவில்லை.

“எறங்கி, பிரியாணி சாப்பிட்டுட்டுப் போங்க தம்பி” என்றார் அப்துல் காதர். “நம்மூருக் கல்யாணத்துக்கெல்லாம் வர்ற குதிரைதானுங்க இது. மாப்பிள்ளைய எறக்கி உடாம அது நகராதுங்க.”