முதுகுக் கண்

"பெட்டி கத்தலேன்னா உன் வேலை உனக்கே. கத்திடுச்சுன்னா நாளையிலேருந்து வீட்டுல படுத்துத் தூங்கு. சரிதானே, தோலெகென்?"

எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னார் முதலாளி ஜானிபெக்.

சிம்கென்ட் நகருக்கு வெளியே உள்ள அந்த லாரி நிலையத்தில், பதினேழு வருஷமாகத் தோலெகெனுக்கு ஒரே வேலை. பின்வாங்கி வரும் ட்ரெய்லருக்குப் பின்னால் நின்று கொடியை ஆட்டி, "வரலாம், வரலாம், போதும்" என்று குரல் கொடுப்பது. இப்போது அந்த வேலைக்கு ஒரு மின்னணுக் கண் வந்துவிட்டது. ட்ரெய்லரின் முதுகில் கண், ஓட்டுநரின் முன்னால் பெட்டி, நடுவில் கம்பியே கிடையாது. பின்னால் எது நின்றாலும் பெட்டி கத்தும்.

"ஒரு டிரம்மை நிறுத்திச் சோதிக்கலாமே, ஐயா" என்றான் ஓட்டுநர் மெய்ராம்.

"டிரம் நின்னா எவன் படம் எடுப்பான்?"

படம் என்றால் முதலாளிக்கு உயிர். முந்தின நாள் கண் பொருத்திச் சோதித்த ட்ரெய்லர் அழுக்காக இருக்கிறதென்று அதைக் கழற்றிக் கோடிச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, தன் பெயரைப் பொன்னெழுத்தில் எழுதிய புது ட்ரெய்லரை மாட்டச் சொல்லியிருந்தார். மெய்ராம் ஏதோ கேட்க வாயெடுத்தான். "அதுலயும் கண் இருக்குல்ல? நீ ஓட்டு" என்று அடக்கிவிட்டார்.

சிறப்பு விருந்தினர் மாவட்ட அதிகாரி. அவருக்குப் பொன் குஞ்சம் வைத்த அங்கி போர்த்தினார்கள். புளித்த குதிரைப்பால் கொடுத்தார்கள். விருந்தாளியின் கிண்ணம் காலியானால் நிரப்புவது மரியாதை, வேண்டாம் என்பது அவமரியாதை. இப்படியே அதிகாரி ஐந்து கிண்ணம் மரியாதை குடித்தார். பிறகு, முதலடி வைக்கும் குழந்தையின் காலில் கயிறு கட்டி வெட்டும் அந்த ஊர் வழக்கம்போல, லாரிச் சக்கரத்தில் கட்டியிருந்த கறுப்பு வெள்ளைக் கயிற்றை வெட்டினார். அதன் பிறகு முதலாளி நாற்பது நிமிஷம் பேசினார்.

பேச்சு முடிந்ததும் தோலெகெனை ட்ரெய்லருக்குப் பின்னால் நிறுத்தி, லாரியின் பக்கக் கண்ணாடிகளை மடக்கிவிட்டார்கள். ஏறும் முன் மெய்ராம் அவன் காதருகே குனிந்து, "ரெண்டு முழம் இருக்கும்போதே தாவிடுண்ணே" என்றான்.

ட்ரெய்லர் பின்னால் வந்தது. பத்தடி. எட்டடி. பெட்டி வாயைத் திறக்கவில்லை. ஐந்தடியிலும் இல்லை. போன வேலை திரும்பி வந்ததுபோல் தோலெகெனுக்கு நெஞ்சு நிறைந்தது. தாவக் காலைத் தூக்கினான்.

பெட்டி கத்தியது. லாரி நின்றது.

ஒரே கைதட்டல். அது ஓயும் நேரத்தில் அதிகாரியும் எங்கிருந்தோ விறுவிறுவென்று வந்து, எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். முதலாளி தோலெகெனுக்குச் சட்டமிட்ட பாராட்டுப் பத்திரம் ஒன்றைக் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு, நாளை முதல் வர வேண்டாம் என்றார்.

கூட்டம் கலைந்ததும் மெய்ராம் ஓடி வந்தான்.

"அண்ணே, பெட்டியில பதினாலுன்னு நம்பர் காட்டுது. இந்த ட்ரெய்லர் நம்பர் முப்பது. காலையில நான் கேக்க வந்தது இதைத்தான். பெட்டியை இதோட இன்னும் இணைக்கவே இல்ல. அது இன்னும் பழைய பதினாலோட கண்ணுலதான் பாக்குது. கழட்டி வச்சாலும் அதுல பேட்டரி இருக்கே."

"அப்ப யாரைப் பாத்துடா கத்துச்சு?"



தோலெகென் தன் கொடியை எடுத்துக்கொண்டு, கிளம்பும் வழியில் கோடிச் சுவர்ப் பக்கம் போய்ப் பார்த்தான். பதினாலாம் நம்பர் ட்ரெய்லரின் கண்ணுக்கு நேர் எதிரே, சுவரில் ஐந்து கிண்ணம் ஈரம் வழிந்துகொண்டிருந்தது. அதன் கீழே, புழுதியில், ஒரு பொன் குஞ்சம்.