ஊரின் முழங்கால்

சுபினின் வலது முழங்காலை ஐந்து வருடமாக ஊரே காவல் காத்தது. கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் விட்டுவிடாமல், இருபது வயதானதும் அவனைப் பெரிய கிளப்புக்கு நல்ல விலைக்குக் கொடுத்து, அந்தப் பணத்தில், வீட்டுமனையாகப் போகிற ஊர் மைதானத்தை வாங்கிவிடுவது என்று ஊர் கால்பந்து கிளப் கூடி முடிவெடுத்திருந்தது. அதனால் அவன் கடலுக்குப் போகக் கூடாது, பைக் தொடக் கூடாது. கோயில் படியில் ஓடி இறங்கினால், மீன்கூடையோடு போகிறவள்கூட நின்று கத்துவாள்: "லேய் சுபினு, அது ஒனக்க காலு இல்ல, ஊருக்க காலாக்கும். மெதுவா எறங்கு."

செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்த முழங்காலுக்குள் ஏதோ நழுவுவது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

இன்று அவனை வாங்கப் பெரிய கிளப்பின் ஆட்கள் ஊர் கிளப்புக்கு வந்திருந்தார்கள். செயலாளர் கிளீட்டஸ் அடுத்த பத்து வருடத் திட்டத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டினார்: சுற்றுச்சுவர், விளக்குகள், பிள்ளைகளுக்கு இரண்டு பயிற்சியாளர்கள். ஜன்னல் கம்பிகளில் முகங்கள் அப்பிக் கிடந்தன. அவர்களோடு வந்திருந்த டாக்டர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, தரையில குந்தி, கைய ஊனாம எந்திரிங்க."

"இதென்ன பெரிய காரியம்? செய்யி மக்கா," என்று கிளீட்டஸ் சிரித்தார்.

சுபின் குந்தினான். வலிக்கவில்லை; ஆனால் முழங்காலுக்குள் அது நழுவி மாட்டிக்கொண்டது. கிளீட்டஸ் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் அவன் எழுவதற்காகக் காத்திருந்தார்கள்.