மூன்று கேன்களும் ஒரு மூக்கும்

“இறங்குங்க! ரெண்டு பேரும் இறங்கி ஓடுங்க!”

ஜீப் ஓரத்தில் முழுதாக நிற்பதற்குள் கணவன் கத்திவிட்டான். அவள் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு பாய்ந்தாள். பின்சீட்டில் கண்ணயர்ந்திருந்த மெக்கானிக், கதவைத் திறப்பதாக நினைத்துக் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டான்.

ஜீப்புக்குப் பின்னால் ஒரு திறந்த டிரெய்லர். அதன்மேல் அவளுடைய சிவப்பு ரேஸ் கார். காருக்கு முன்னால், பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டிய மூன்று பெட்ரோல் கேன்கள்.

“பெட்ரோல் வாசனை. குப்புன்னு அடிக்குது. உனக்கு வரலையா?” என்றான் கணவன்.

“வருதுங்க. அதுக்காக எத்தனை வாட்டி நிறுத்துவீங்க? ஒன்பது மணிக்குப் பரிசோதனை ஷெட்டை மூடிடுவாங்க. அதுக்குள்ள போகலேன்னா இன்னிக்கு ரேஸ் கிடையாது. கப்பும் கிடையாது.”

“உசுரு போனப்புறம் கப்பை வெச்சு டீ குடிப்பியா?”

அவன் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். எரிந்து கருகிய வண்டிகளின் போட்டோக்களைப் பார்த்துப் பார்த்தே, வீட்டில் காஸ் அடுப்பைக்கூட எட்ட நின்று கையை மட்டும் நீட்டிப் பற்ற வைக்கிற ஆள். மனைவி ரேஸ் ஓட்டுவதை அவனால் தடுக்க முடியவில்லை. பெட்ரோலையாவது தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டான்.

விடியலில் அவனே எழுந்து நிரப்பியிருந்தான். கேனைத் தரையில் வைத்துத்தான் ஊற்ற வேண்டும். கழுத்துவரை ஊற்றக் கூடாது, வெயிலில் விரியும். படுக்க வைக்கக் கூடாது, நிற்க வைத்துக் கட்ட வேண்டும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எல்லாம் அச்சுப் பிசகாமல் நடந்திருந்தது.

மெக்கானிக் டிரெய்லரில் ஏறி ஒவ்வொரு கேனாக முகர்ந்தான். “மூடியெல்லாம் கெட்டியா இருக்கு சார். கேன் பளபளன்னு இருக்கு, இதுல பாத்து தலையே சீவலாம்.”

“பின்னே? ஊத்தும்போது சிந்துனதை ஒரு சொட்டு விடாம நானே துடைச்சேன்ல!”

“கையெல்லாம் தூசி சார். துடைக்க ஒரு பழைய துணி குடுங்க.”

“பழைய துணியா? பெட்ரோல் பட்ட கந்தலை வண்டிக்குள்ள வெச்சா சின்னப் பொறி போதும். அதனால ஒரு கந்தல்கூட நான் ஏத்தல.”

மெக்கானிக் கையைத் தன் ஓவராலில் துடைத்துக்கொண்டான். கணவனின் பார்வை அந்த ஓவராலிலேயே நின்றது.

“கழட்டுப்பா.”

“சார்!”

“வாசனை அதுலேர்ந்துதான் வருது. கழட்டி டிரெய்லர்ல கட்டு.”

“அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்கக்கா. நடுரோட்ல இப்படி மானத்தை வாங்குறாரு.”

“கழட்டித் தொலைடா, நேரமாகுது. நீங்க சாவியைக் குடுங்க, நான் ஓட்டுறேன்.”

பனியனும் அரைக்கால் சட்டையுமாகப் பின்சீட்டில் ஏறிய மெக்கானிக், பக்கத்தில் போகிற பஸ்காரர்கள் பார்க்காமலிருக்க அவளுடைய ரேஸ் உடைப் பையை எடுத்து மடியில் வைத்துக் கட்டிக்கொண்டான். அந்த உடை கணவன் வாங்கித் தந்தது. அடுப்பில் போட்டாலும் பற்றாது என்று கடைக்காரர் சத்தியம் செய்த பிறகுதான் வாங்கினான். அது இல்லாமல் யாரையும் ரேஸ் காரில் ஏற விடமாட்டார்கள்.

வாசனை போகவில்லை. எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, தலைமுடி பறக்க, அவள் ஜீப்பை விரட்டினாள்.

ஷெட் கதவைப் பாதி இழுத்திருந்தார்கள். “சார், சார், ஒரு நிமிஷம்!” என்று மெக்கானிக் அரைக்கால் சட்டையோடு ஓடிப்போய்க் கதவில் தொங்கினான்.

தலை நரைத்த பரிசோதகர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு டிரெய்லருக்கு வந்தார். கேன்களைத் தட்டினார். பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். மூடிகளைத் தடவினார்.

“யாரு கட்டினது?”

“நான்தான் சார்” என்றான் கணவன்.

“பெட்ரோல் ஏத்திட்டு வர்றதுன்னா இப்படி வரணும். டிக்கியில உருட்டிக்கிட்டு வர்றானுங்களே, அவனுங்களைக் கூப்பிட்டுக் காட்டணும் இதை.”

கணவனின் சட்டைப் பொத்தான் தெறிக்காதது ஒன்றுதான் பாக்கி.

காரையும் பார்த்து முடித்தார் பரிசோதகர். “சரிம்மா. உன் டிரெஸ்ஸை எடு.”

மெக்கானிக் பையை நீட்ட, அவள் ஜிப்பை இழுத்தாள். பரிசோதகர் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்.

வெள்ளை உடையின் மார்பிலும் கையிலும் திட்டுத் திட்டாக ஈரம். அவள் அதைத் தூக்கிப் பிடித்தாள். கண் எரிந்தது.

“என்னம்மா இது, பெட்ரோல்ல ஊற வெச்ச மாதிரி இருக்கு? இதைப் போட்டுக்கிட்டா எஞ்சினுக்குப் பக்கத்துல உக்காரப் போறே? வேற டிரெஸ் இருக்கா?”

இல்லை.

பரிசோதகர் அவள் பெயருக்கு நேரே ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனார். உள்ளே ரேஸ் கார்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின.

அவள் மெல்ல மெக்கானிக் பக்கம் திரும்பினாள். அவன் இரண்டு கைகளையும் தூக்கினான். “அக்கா, சத்தியமா நானில்லை. பையை நான் திறக்கவே இல்லை.”

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். பாராட்டு வாங்கிய களை இன்னும் அவன் முகத்தில் இருந்தது.

“ஏங்க... காலைல கேனை எதால துடைச்சீங்க?”

“தீப்பிடிக்காத துணின்னு நம்ம வீட்ல அது ஒண்ணுதானேம்மா இருக்கு?”