வெள்ளிக்கிழமை ஆபரேஷன்

“இந்த நம்பர டைப் அடிக்க மாட்டேன், அண்ணாச்சி” என்றாள் சுதாராணி.

பூவனலிங்கம் நீட்டிய கிரெடிட் கார்டு அந்தரத்தில் நின்றது. கோவில்பட்டியில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. பருத்தி மண்டி அவருடையது. இரண்டு மாதத்துக்கு முன் கடன் வாங்கி அவள் பிரவுசிங் சென்டர் திறந்த இந்தக் கட்டடமும் அவருடையதுதான்.

திரையில் அவருக்கு வந்த மெயில். தீயில் வெந்த ஏழு வயதுப் பெண்குழந்தை. தாய் தகப்பன் கிடையாது. வெள்ளிக்கிழமை ஆபரேஷன், பணம் வராவிட்டால் உயிர் தங்காது. கார்டு நம்பரையும் பின்பக்கத்து மூன்று எண்களையும் உடனே அனுப்பவேண்டுமாம்.

இங்கிலீஷில் இருந்ததை அவள்தான் வாசித்துச் சொன்னாள். படத்தைப் பார்த்ததும் அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்ல மனுஷன்தான். அதனாலேயே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பின்பக்கத்து எண்ணை எந்த ஆஸ்பத்திரி கேட்கும்? இதில் ஆஸ்பத்திரிக்குப் பெயருமில்லை, போன் நம்பருமில்லை. சுத்த மோசடி, கார்டில் இருப்பதை வழித்துக்கொண்டு போய்விடுவான் என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிப் பார்த்துவிட்டாள். மனுஷன் அசைந்தால்தானே!

“ஏட்டி, அந்தப் பச்சப்பிள்ள கையப் பாத்துமா ஒனக்கு எரக்கம் வரல? ஒத்தக் கையால டைப் அடிக்கும்போதே தெரியும், நீ ராங்கி பிடிச்சவன்னு. நான் சொல்லுதேன், அடி. இல்ல, நாளைக்கே கடையக் காலி பண்ணு!”

பதினாறு எண்ணும் மூன்று எண்ணும் தட்டினால் கடை தப்பிக்கும். போகப்போவது அவர் பணம். அவளுக்கென்ன வந்தது?

கடை போனால் போகட்டும், மயிரே போச்சு என்றிருந்தது அவளுக்கு. இந்தப் படத்தைக் காட்டி எவனும் ஒரு பைசா வாங்கக்கூடாது.

எப்போதும் துப்பட்டாவுக்குள் கிடக்கும் இடது கையை வெளியே எடுத்தாள். திரையில் இருந்த குழந்தையின் கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஒட்டிப்போன அதே இரண்டு விரல்கள். முழங்கை வரைக்கும் அதே சுருக்கம்.

அண்ணாச்சி படத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார். கார்டு தானாகச் சட்டைப்பைக்குள் போனது.

“அன்னைக்கு என்னையப் படம் எடுத்தவிய உதவி வரும்னுதான் சொல்லிட்டுப் போனாவ. பதினாலு வருசமாச்சு. எனக்கு ஆபரேஷனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எங்கம்மா உசுரோடதான் இருக்கா, அண்ணாச்சி. அஞ்சு மணிக்கு, நான் தீயில வெந்த அதே தீப்பெட்டி ஆபீஸ்லருந்து வேல முடிச்சு இந்த வழியாத்தான் வருவா. கேட்டுக்கிடுங்க.”