வாசலுக்கு வந்த காளி

காளிக்குக் கால் நடுங்கியது. கையிலிருந்த சூலம் தார் ரோட்டில் டக்டக்கென்று தட்டியது.

"என்ன அண்ணாச்சி, இப்படி நடுங்குதிய?" போலீஸ் வேஷத்தில் இருந்த பேச்சிராஜ் காதோரம் கிசுகிசுத்தான். பழைய நாடகக் கூட்டாளி; காளிக்கு மேக்கப் போட்டவனும் அவன்தான். "உங்களப் பாத்து ஊர்தான் நடுங்கணும்."

"அவ கண்டுபிடிச்சிட்டான்னா?"

"பெத்த தாயே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அம்புட்டுச் சாயம் அப்பியிருக்கேன். பைய நடங்க."

குலசேகரன்பட்டினத்துத் தசராவுக்கு மாலை போட்டு, வேஷம் கட்டி, வீடு வீடாகக் காணிக்கை வாங்கக் கிளம்பிய குழு அது. ஏரல் தெருவுக்குள் நுழைந்ததும் மேளம் காதைப் பிளந்தது. காளி வேஷத்துக்குள் இருந்த காந்திமதிநாதன் பச்சை கேட் போட்ட வீட்டையே பார்த்துக்கொண்டு நடந்தார். அது அவருடைய வீடு. இப்போது அவரை உள்ளே விடாத வீடு.

வேஷம் அவருக்குப் புதிதில்லை. நாடக மேடையில் ராஜா, அரக்கன் எல்லாம் போட்டு ஓய்ந்த பிறகு சினிமாவுக்குப் போனார். அங்கே கிடைத்ததெல்லாம் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு "ஸாரி, காப்பாத்த முடியலை" என்று சொல்லும் டாக்டர் வேஷம்தான். வெறுத்துப்போய்ப் பேனாவைப் பிடித்தார். எழுதிய முதல் நாவலுக்கே பரிசு, பாராட்டுக் கூட்டம், பொன்னாடை.

என்ன எழுதினார்? புத்தி பேதலித்த தாயைப் பின்கட்டு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, தினமும் பள்ளிக்கூடம் போன ஒரு சிறுமியின் கதை. அந்தச் சிறுமி அவர் மனைவி விஜயஸ்ரீ. உலகத்திலேயே அவரிடம் மட்டும் அவள் சொல்லியிருந்த விஷயம் அது.

அவள் டீச்சராக இருக்கும் பள்ளியில், ஆசிரியர்கள் அறையில் யாரோ அந்த அத்தியாயத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அன்று சாயங்காலமே அவருடைய பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது.

"மேடையில நடிச்சிய, சினிமாவுல நடிச்சிய. நான் அழுதுக்கிட்டே சொன்னப்போ தலையத் தடவிக் கேட்டுக்கிட்டு இருந்தியளே, அதுவும் நடிப்புதானா?" என்று மட்டும் கேட்டாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு சென்னையில் ஒற்றை அறை. ஒரு வரி எழுத ஓடவில்லை. போன் செய்தால் எடுக்கமாட்டாள். சமாதானம் பேசப் போன சொந்தக்காரர்களுக்குக் காப்பிகூடக் கிடைக்கவில்லை. அவள் இல்லாமல் இனி ஒரு நாளும் ஓட்ட முடியாது என்கிற நிலைக்கு வந்தபோதுதான், பாவி மனுஷனுக்கு இந்த யோசனை தோன்றியது. தசராக் காளியை எந்த வீட்டிலும் திருப்பி அனுப்பமாட்டார்கள். காளி வாக்குச் சொன்னால் விஜயஸ்ரீயும் தட்டமாட்டாள்.

பச்சை கேட் திறந்தது. பாதித் தலை நரைத்துப்போயிருந்த விஜயஸ்ரீ, குழுவில் இருந்தவர்களுக்கெல்லாம் சில்லென்று மோர் ஊற்றிக் கொடுத்தாள். காளிக்கு முன்னால் வந்ததும் நின்றாள்.

"செத்த இரு தாயே" என்று உள்ளே போனவள் வருவதற்கு நேரமாயிற்று. வந்து ஒரு தம்ளரை நீட்டினாள். பனங்கற்கண்டு கரைத்த வெந்நீர். கத்திக் கத்திப் புண்ணாகிக் கிடந்த தொண்டை. மேடை ஏறுமுன் அதைக் குடித்தே பழகிய தொண்டை. மடமடவென்று குடித்து முடித்தார்.

"வாக்குச் சொல்லு தாயே" என்று அவள் கை கூப்பினாள். "இந்த வீட்டுக்கு ஒரு விடிவு உண்டா?"

அரக்கன் வேஷத்துக்கென்று வைத்திருந்த குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்தார். "உண்டுடீ! வெளிய போனவன் திரும்பி வருவான். செஞ்ச தப்புக்குத் தெனமும் வெந்து சாகுதான். அவனச் சேத்துக்கோ!"

"சேத்துக்கிட்டா, மறுபடியும் அதையே செய்யமாட்டாகன்னு என்ன நிச்சயம் தாயே?"

"செய்யமாட்டான்! இந்தச் சூலத்து மேல சத்தியம்!"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. கிளிசரின் போட்டு எத்தனையோ தடவை அழுதவருக்கு இப்போது நிஜமாகவே கண்ணீர் வந்தது. சாயத்தைக் கரைத்துக்கொண்டு தாடை வரைக்கும் வழிந்தது. ஏழேழு ஜென்மத்துக்கும் இவள் காலடியில் கிடந்தால் போதும் என்றிருந்தது.

ஆனால் அந்தப் பாழாய்ப்போன புத்தி அப்போதும் சும்மா இருக்கவில்லை. முந்தானை நுனியைச் சுருட்டும் அவள் விரல், மூக்குத்தியைக் கழற்றிவிட்ட மூக்கு, கேட்டில் உரிந்துகிடந்த பச்சைப் பெயின்ட் என்று ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டே போயிற்று. 'காளிக்குக் கால் நடுங்கியது' என்று ஆரம்பித்தால் நன்றாக இருக்கும் என்று முதல் வரியைக்கூட எடுத்துக் கொடுத்தது.

விஜயஸ்ரீ குங்குமத்துக்காக நெற்றியைக் காட்டிக் குனிந்தாள். அவர் வைத்துவிட்டார். நிமிரும்போது, மேள இரைச்சலில் அவருக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னாள்:

"இதையும் எழுதிராதிய."